சாயங்காலம் குளிர் வந்துச்சுங்க

நாம நாலு பேரு ஒண்ணு சேந்தா என்ன பேசறோம்? உனக்குச் சர்க்கரை எத்தனை, எனக்கு பிரஷர் எத்தனை, எந்த டாக்டருக்குக் கைராசி, எந்த ஆஸ்பத்திரியில கட்டில் கெடைக்கும். இதானே? போன வாரம்கூட உங்கள்ல ஒருத்தி சொன்னீங்க, ஆஸ்பத்திரிப் படி ஏறினாலே பினாயில் வாசத்துக்குக் கொமட்டிக்கிட்டு வருதுன்னு. எல்லாரும் ஆமா ஆமான்னீங்க. நானும் தலையாட்டினேன். பொய்யி. எனக்குக் கொமட்டாது. பினாயில் வாசம் மூக்குல ஏறினா எனக்கு நாக்குல எச்சி ஊறும். பல்லெல்லாம் போன இந்த வயசுலயும் ஊறுது. வெக்கங்கெட்ட நாக்கு. ஏன் ஊறுதுன்னு இத்தனை வருசம் வெளிய சொல்லல. இப்பச் சொல்றேன். கேட்டுட்டுக் காறித் துப்பினாலும் சரி.

எனக்கு அப்ப ஒம்பதோ பத்தோ வயசு. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு ரோடு கெடையாது, பஸ்ஸு கெடையாது. கீழ போகணும்னா காட்டுத் தடத்துல காரவள்ளிக்குக் கால்நடையா எறங்கணும். எங்க ஊட்டுல அய்யன், ஆத்தா, நான், பத்து மாசத்துத் தம்பி. பக்கத்து ஊட்டுல பெரியம்மா, அய்யனோட அண்ணன் சம்சாரம். பெரியப்பன் செத்துட்டாரு, அவங்களுக்குப் புள்ளையும் இல்ல.

எங்களுக்குச் சோறுன்னா சாமைச் சோறு, இல்லன்னா ராய்க்களி, அதான் ராகிக் களி. நெல்லுச் சோறு நோம்பிக்குத்தான். அதுவும் ஆளுக்கு ஒரு கை. நாக்குல வச்சு அப்படியே கொஞ்ச நேரம் வச்சிருப்பேன், முழுங்கினா தீந்துடுமேன்னு. என் வேலை தம்பியத் தூக்கறது. விடிஞ்சா இடுப்புல ஏறுவான், பொழுது போனாத்தான் எறங்குவான். நல்ல கனம் வேற. கூட்டாளிப் புள்ளைங்க எல்லாம் பலாக்கொட்டை வச்சு ஆடிக்கிட்டிருக்கும், நான் ஒரு பக்கமா சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். அவன் மேல பாசம் இல்லாம இல்ல. ஆனா பாசம் வேற, இடுப்பு வலி வேற.

அந்த வருசம் கார்த்திகையில ஆத்தாளுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், பொழுது சாயற நேரத்துக்குச் சொல்லி வச்ச மாதிரி வரும். மொதல்ல வெரல் நுனி நீலமாவும். அப்புறம் பல்லு கடகடன்னு அடிக்கும். இருக்கற கம்பளி, சாக்கு, பழைய சேலை எல்லாம் மேல போட்டும் நடுக்கம் நிக்காது. "கண்ணு, மேல வந்து படுத்துக்க சாமி"ன்னு என்னையக் கூப்பிடுவா. நான் அந்தச் சாக்குக் குவியல் மேல குப்புறப் படுத்து அமுக்கிப் புடிச்சுக்குவேன். என்னையும் சேத்துத் தூக்கி ஆட்டும் அந்தக் குளிரு. அப்புறம் அனல். அப்புறம் வேர்த்து ஊத்தி, ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு அடுப்புப் பத்த வைப்பா.

உச்சிப் பொழுதுல ஊத்துக்குத் தண்ணிக்குப் போனவ அங்க எதையோ மிதிச்சுட்டாள்னு அய்யன் முடிவு கட்டிட்டாரு. கோழி அறுத்தாங்க, திருநீறு போட்டாங்க, கையில கயிறு கட்டினாங்க. ரெண்டு மாசம் போச்சு. ஆத்தாளோட வயித்துல எடது பக்கம் ஒரு கட்டி எந்திரிச்சுது. கை வச்சாக் கல்லாட்டம் இருக்கும். இப்ப அய்யனை முட்டாள்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்த மனுசன் பயந்த பயம் எனக்குத் தெரியும். தெரிஞ்சதை எல்லாம் செஞ்சாரு, அவ்வளவுதான். அந்தத் தையில எங்க ஊட்டுல பொங்கல் வைக்கல. எனக்கு ஒரு கை நெல்லுச் சோறும் இல்லாமப் போச்சு. அதுக்காக நான் அழுதேங்கறதையும் சொல்லிடறேன்.

பொங்கல் கழிஞ்சு மிளகு வாங்க மேல வந்த யாவாரிதான் ஆத்தாளைப் பாத்துட்டுச் சத்தம் போட்டாரு. "பேயும் இல்ல பிசாசும் இல்ல, இது மலைக்காய்ச்சலு. கீழ ஆஸ்பத்திரியில கொயினா மருந்து குடுத்தா நின்னுடும். நாளைக்கே எறக்குங்க. கைக்கொழந்தையக் கொண்டு போகாதீங்க, அங்க இல்லாத நோவு இல்ல."

கயித்துக் கட்டில்ல மூங்கில் கட்டி நாலு பேரு தூக்கினாங்க. தம்பியப் பெரியம்மா வாங்கிக்கிட்டாங்க. அவன் சும்மா போவானா, ஆத்தாளோட சேலைத் தலைப்பக் கையில சுத்திப் புடிச்சிருந்தான். வெரலை ஒவ்வொண்ணாப் பிரிக்க வேண்டியதாப் போச்சு. தடத்துல ரொம்பத் தூரம் எறங்கற வரைக்கும் அவன் அழுகை கேட்டுச்சு. கேக்கக் கேக்க ஆத்தாளோட மார்ச்சேலை பால் கசிஞ்சு நனைஞ்சுக்கிட்டே வந்துச்சு. "எட்டு நாள்ல வந்துரலாம் புள்ள"ன்னாரு அய்யன். காரவள்ளியில மாட்டு வண்டி புடிச்சு, சேந்தமங்கலம் தாண்டிப் போய்ச் சேந்தோம். ஆஸ்பத்திரி எதுன்னு வேண்டாம். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

மிளகு பறிப்புக் காலம், அய்யன் திரும்பிட்டாரு. ஆத்தாளுக்குத் துணை நானு.

இரும்புக் கட்டில், செவப்புக் கம்பளி, சிமிட்டித் தரை. விடியறப்ப ஒரு ஆயாம்மா பினாயில் தண்ணி ஊத்தித் தரையைக் கழுவுவாங்க. கழுவி முடிச்சுக் கொஞ்ச நேரத்துல ஒரு மணி அடிக்கும். மணி அடிச்சா ரொட்டியும் பாலும் வரும். மத்தியானம் நெல்லுச் சோறு. மல்லிப்பூ மாதிரி வெள்ளை வெளேர்னு, ஆவி பறக்கப் பறக்க, பீங்கான் தட்டு நெறைய. ஆத்தாளுக்குக் கொயினாக் கசப்புல எதுவும் எறங்காது. ரெண்டு வாய் வச்சுட்டுத் தட்டை எம்பக்கம் தள்ளிடுவா. ஆயாம்மாவும் எனக்குத் தனியா ஒரு கரண்டி போடுவாங்க. ரொட்டியப் பால்ல நனைச்சு மேல சீனியத் தூவித் தின்னு பாருங்க, அதுவும் ஒம்பது வயசுல, மலையில இருந்து வந்து. இப்பப் புரியுதுங்களா, என் எச்சிக்குக் காரணம்?

டாக்டரு பட்டணத்துக்காரரு. காலையில மட்டும் வருவாரு. ரெண்டாம் நாளு ஆத்தாகிட்டக் கேட்டாரு.

"ஏம்மா, நேத்து குளிர் வந்துதா?"

"ஆமாங்க."

"எப்ப வந்தது? காலையிலயா?"

"ஆமாங்க."

"சாயங்காலமா?"

"ஆமாங்க."

"மருந்து குடிச்சியா?"

"ஆமாங்க."

"குடிக்கலையா?"

"ஆமாங்க."

கம்பவுண்டரு சிரிப்ப அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. எங்க மலையில பெரிய மனுசங்க மொகத்துக்கு நேரா "இல்லீங்க"ன்னு சொல்றது எதிர்த்துப் பேசற மாதிரி. அதனால ஆத்தாளோட "ஆமாங்க"வுக்கு ஆமான்னு அர்த்தமில்ல. நீங்க பேசறது என் காதுல விழுதுங்க, நீங்க நல்லா இருக்கணும்ங்க, அவ்வளவுதான் அர்த்தம். அது பட்டணத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? தலையில கைய வச்சுக்கிட்டு என்னையப் பாத்தாரு. "பாப்பா, நீ சொல்லு."

நான் சொன்னேன். குளிர் எப்ப வந்துச்சு, எத்தனை நேரம் இருந்துச்சு, எப்ப வேர்த்துச்சு, எல்லாம் சரியாச் சொன்னேன். "கெட்டிக்காரி"ன்னாரு. அன்னைல இருந்து ஆத்தாகிட்டக் கேக்கறதை விட்டுட்டு என்கிட்டத்தான் கேப்பாரு. நான் சொல்றதைக் கம்பவுண்டரு அட்டையில எழுதிக்குவாரு. எங்க ஊர்ல என்னைய இடுப்பொடிஞ்சவள்னு கூப்பிடுவாங்க. இங்க என் பேச்ச எழுதி வச்சுக்கறாங்க. தலை கால் புரியல எனக்கு.

ஒரு வாரத்துல குளிர் கொறைஞ்சுது. அப்புறம் நின்னுச்சு. டாக்டரு சொன்னாரு: "இனி மூணு முறை குளிர் வராம இருந்துட்டா ஊருக்குப் போயிடலாம்."

மூணு முறைன்னா ஆறு நாளு. ஆத்தா வெரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தா. தெனமும் மார்ல கட்டிக்கிட்ட பாலை ஒரு கிண்ணியில பீச்சி, கால் படற எடத்துல ஊத்தக்கூடாதுன்னு வெளிய வேப்ப மரத்தடிக்குக் கொண்டு போயி ஊத்துவா. ஊத்தறப்ப மலை இருக்கற திக்கைப் பாப்பா. "பால் மட்டும் நின்னுடக்கூடாது சாமி. போனதும் அவன் குடிக்கணும்ல"ன்னு என்கிட்டச் சொல்லுவா. நான் ம்ம்னு சொல்லிக்கிட்டு மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

மொத முறைக்கு வரல. ரெண்டாம் முறைக்கு வரல. மூணாம் முறைக்கும் வரல. அன்னைக்குச் சாயங்காலம் ஆத்தா மொகத்துல ஒரு சிரிப்பு. எனக்கு வேற கணக்கு. நாளைக்கு மணி அடிக்கறப்ப நாம இருக்க மாட்டோம். ராய்க்களி. இடுப்புல தம்பி.

காலையில டாக்டரு வந்தாரு. "என்ன பாப்பா, நேத்து குளிர் வரலைதானே?"

"சாயங்காலம் குளிர் வந்துச்சுங்க."

வாய்ல இருந்து தானா வந்துடுச்சுன்னு சொல்ல ஆசைதான். தானா வரல. ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சுச் சொன்னது. டாக்டரு மொகம் சுருங்கிப் போச்சு. ஆத்தா பக்கம் திரும்பினாரு. "அப்படியாம்மா?"

ஆத்தா என்னையப் பாத்தா. டாக்டரைப் பாத்தா. "ஆமாங்க."

அவங்க அந்தப் பக்கம் போனதும் மெதுவா என் கையப் புடிச்சா. நான் அடிதான் விழும்னு கண்ணை மூடிக்கிட்டேன். "ஏஞ்சாமி, எனக்குக் குளிர் வந்துச்சா? எனக்கு ஒண்ணுமே தெரியல பாரு. தூங்கிட்டனாட்டம் இருக்குது."

அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ என்னைய நம்பினா. தன் ஒடம்ப விட்டுட்டு என்னைய நம்பினா. "வந்துச்சு ஆத்தா, லேசாத்தான்"னு சொல்லிட்டு அன்னைக்கு ரொட்டியத் தின்னேன். எறங்குச்சு. எறங்காமப் போச்சுன்னு சொன்னா அதுவும் பொய்யி.

அந்த வாரச் சந்தைக்கு வந்த அய்யன் மத்தியானம் எட்டிப் பாத்தாரு. தம்பி ஆட்டுப் பாலைக் கக்கறானாம், ராகிக் கூழை நாக்கால தள்ளறானாம், உதடு காஞ்சு கெடக்கறானாம். பெரியம்மா வெரல்ல துணியச் சுத்திப் பால்ல நனைச்சுச் சப்ப விடறாங்களாம். "எப்பத்தான் விடுவாங்க புள்ள?"ன்னாரு. ஆத்தா, "இந்த முறை வராதுங்க, நான் கண்ணு முழிச்சே இருக்கறனுங்க"ன்னா. காய்ச்சக்காரி கண்ணு முழிச்சுக் குளிரைக் காவல் காக்கறாளாம்! அய்யன் எந்திரிச்சுப் போறப்ப என் கன்னத்தத் தட்டிட்டுப் போனாரு. "நீயாவது நல்லா இருக்கறயே கண்ணு."

இப்பக் கேளுங்க. மொதத் தடவை தெரியாம செஞ்சேன்னு வச்சுக்கலாம், சின்னப் புள்ளை. ரெண்டாந் தடவை? தம்பி உதடு காஞ்சு கெடக்கறான்னு காதுல கேட்டப்புறம், மறுபடி மூணு முறை சுத்தமா வராம இருந்தப்புறம், மறுபடி அதே டாக்டரு கேட்டப்ப, மறுபடி சொன்னேன். "சாயங்காலம் குளிர் வந்துச்சுங்க." மறுபடி ஆத்தா "ஆமாங்க"ன்னா. இந்தத் தடவை என்கிட்ட ஒண்ணும் கேக்கல. சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு காலையில கிண்ணியோட உக்காந்தவ ரொம்ப நேரம் எந்திரிக்கல. பீச்சிப் பீச்சி மாரு செவந்து போச்சு. கிண்ணி காஞ்சே கெடந்துச்சு. அன்னைக்குத்தான் ஆத்தா வாய் விட்டு அழுது பாத்தேன். அதுக்கப்புறம் எனக்குப் பயம் வந்துடுச்சு. அந்தச் சுத்து முடிஞ்சு டாக்டரு கேட்டப்ப, "வரலீங்க"ன்னு சொல்லிட்டேன். விட்டாங்க.

கெளம்பறப்ப ஆயாம்மா என் மடியில ரெண்டு ரொட்டி கட்டிக் குடுத்தாங்க. மலை ஏறுறப்ப வழியிலயே தின்னு தீத்தேன்.

பெரியம்மா ஊட்டு முன்னால தம்பிய வச்சுக்கிட்டு நின்னாங்க. ஆத்தா ரெண்டு கையும் நீட்டினா. அவன் பாத்தான். பாத்துட்டு வீல்னு கத்திப் பெரியம்மா கழுத்துல மொகத்தப் புதைச்சுக்கிட்டான். புடிச்சு இழுத்து மார்ல போட்டுப் பாத்தா, வாய் வச்சான், ஒண்ணும் வரல, ஒதைச்சுக்கிட்டு அழுதான். பெரியம்மா, "அவனைக் குடுங்க, பாவம்"னு வாங்கிக்கிட்டாங்க. வாங்கினதும் அழுகை நின்னுச்சு.

கூடி இருந்த சனம் சும்மா இருக்குமா? மிளகு மூட்டையோட கீழ போயிட்டு வந்த ஊர்க்காரரு ஒருத்தரு ஆரம்பிச்சாரு. "நான் சாயங்காலம் எட்டிப் பாத்தேன், வேப்ப மரத்தடியில நல்லாத்தான் உக்காந்திருந்தா. குளிராவது ஒண்ணாவது!" ஒரு பொம்பளை என் கன்னத்தக் கிள்ளினா. "இத பாருங்க, எப்படி உப்பிக் கெடக்குதுன்னு. நெல்லுச் சோத்து ருசி கண்டுட்டா வருவாளா? பெத்த புள்ளை இங்க காஞ்சு கெடக்க, அங்க தட்டு நெறையத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கா."

அய்யன் ஆத்தாளைப் பாத்தாரு. "நெசமா?"

ஆத்தா சொன்னா, "இல்லீங்க." அவ வாய்ல அந்த வார்த்தைய அன்னைக்குத்தான் நான் கேட்டேன். "இல்லீங்க, குளிர் விடலீங்க. எனக்குத் தெரியாமயே வந்துச்சுங்க. இவளைக் கேளுங்க, இவ கூடவே இருந்தா." என் தோளைப் புடிச்சு முன்னால நிறுத்தினா.

அத்தனை பேரும் என்னையப் பாத்தாங்க. வந்துச்சுன்னு சொல்லியிருந்தா ஆத்தா தப்பிச்சிருப்பா. வரலை, நாந்தான் பொய் சொன்னேன்னு சொல்லியிருந்தாலும் தப்பிச்சிருப்பா. பாத்தேன்னு சொன்ன அந்த ஊர்க்காரரு எதுத்தாப்புல நிக்கறாரு. வாயத் தெறந்தா மாட்டிக்குவேன்னு பயம். நான் சொன்னேன், "எனக்குத் தெரியாது."

ஆத்தாளோட கை என் தோள்ல இருந்து எறங்குச்சு. அய்யன் கத்தல, அடிக்கல. "புள்ளை அங்கயே இருக்கட்டும்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

அப்படியே இருந்துட்டான். பெரியம்மாவை ஆத்தான்னு கூப்பிட்டான், ஆத்தாளைச் சின்னம்மான்னு கூப்பிட்டான். ஊர்ல யாரோ அவனுக்கு விவரம் தெரியற வயசுல சொல்லிட்டாங்க, உன்னையப் பெத்தவ நெல்லுச் சோத்துக்காக உன்னைய விட்டவள்னு. அதுக்கப்புறம் சின்னம்மான்னு கூப்பிடறதும் கொறைஞ்சு போச்சு. ஆத்தா சாகற வரைக்கும் நெல்லுச் சோறு தொடல. நோம்பின்னாலும் சாமைதான். அதுக்கும் ஊரு பேசுச்சு, தின்ன வரைக்கும் போதும்னு இருக்காள்னு.

ஆத்தாகிட்டயாவது சொன்னியான்னு கேப்பீங்க. இல்ல. கண்ணாலம் ஆயி நானே புள்ளை பெத்து அவ மடியில போட்டப்பக்கூடச் சொல்லல. அவ கடைசி வரைக்கும் சொல்லுவா, "எனக்குக் குளிர் வந்ததே எனக்குத் தெரியல பாரு கண்ணு, அப்படி ஒரு காய்ச்சலு." நான் ஆமா ஆத்தான்னு சொல்லுவேன். அவ கண்ணை மூடினப்பத் தம்பி வந்தான். சொந்தக்காரங்களோட சொந்தக்காரனா தள்ளி நின்னான். கொள்ளிச் சட்டி எடுக்கக் கூப்பிட்டாங்க. "சின்னம்மாவுக்கு நான் எதுக்குங்க?"ன்னுட்டான். பங்காளிப் பையன் ஒருத்தன் எடுத்தான். நான் அங்கதான் நின்னேன். மாரடிச்சு அழுதேனே ஒழிய வாயத் தெறக்கல.

போன மாசம் தம்பிய நாமக்கல்லுல சேத்திருந்தோம். சர்க்கரையில கால் வெரலு போயி, காய்ச்சல் வேற. துணைக்கு நாந்தான் போயி இருந்தேன். மூணாம் நாளு மத்தியானம், அவனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தப்பச் சொல்லிட்டேன். எல்லாத்தையும். ரெண்டு பொய்யும், கிண்ணி காஞ்சதும், "எனக்குத் தெரியாது"ன்னதும். சொல்லிட்டு அவன் என்னைய என்ன செய்வானோன்னு தட்டக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அவன் சிரிச்சான். "ஏங்க்கா, செத்தவளுக்காக இந்த வயசுல பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கறயே. அவ என்ன பண்ணினான்னு ஊருக்கே தெரியும். ஒம்பது வயசுப் புள்ளை பேச்சக் கேட்டு எந்த டாக்டரு அக்கா நிறுத்தி வைப்பான்?"

"என் புள்ளை மேல சத்தியமாடா."

"பொய்ச் சத்தியம் பண்ணாத, புள்ளைக்கு ஆகாது." வாயோரம் ஒழுகின சோத்துத் தண்ணிய என் முந்தானையில தொடைச்சுக்கிட்டான். ஊசி போட வந்த நர்சம்மாகிட்ட என்னையக் காட்டினான். "எங்கக்காங்க இது. தங்கம். பெத்தவ குடுக்காததை எல்லாம் இவதான் எனக்குக் குடுத்தா." அந்தப் பொண்ணும் என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுச்சு.

மறுநாளும் சொன்னேன். அதுக்கு மறுநாளும் சொன்னேன். "அக்காளுக்கு வயசாயிடுச்சு, என்னமோ பேசுது"ன்னு அவன் மகன்கிட்டச் சொல்றான். அதான் உங்ககிட்ட வந்திருக்கேன். நீங்க என் வயசு, உங்களுக்குப் புத்தி தெளிவா இருக்குது. என்னைய நல்லவள்னு மட்டும் சொல்லிடாதீங்க. என் ஆத்தா சோத்துக்காக உக்காரல. நாந்தான். நீங்களாவது நம்புங்க.